முழங்கை

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் சுவரில்
ஈஸ்டர் டான்ஸுக்கு ஒட்டிய போஸ்டரில்
கிளைவ் தொப்பியோடு சிரிக்கிறார்.
பக்கத்தில் ரெஜி, கிடாரோடு.
பின்னால் நார்பர்ட்டின் தலைமுடி.
இடது ஓரத்தில், பேப்பர் முடிகிற இடத்தில்
ஒரு முழங்கை தெரிகிறது.
அது நான்.

"எப்டிப்பா நீதான்னு தெரியும்?" என்றாள் பெண்.
வெல்டிங் பொறி சுட்ட தழும்பைக் காட்டினேன்.
அவள் போஸ்டரிடம் போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

வாரத்தில் ஆறு நாள்
வியாசர்பாடியில் கிரில்கேட் பட்டறை.
சனி இரவில் நான் டாஸ்.
தசரதன் என்பது மைக்கில் சொல்ல நீளம் என்று
கிளைவ் முடிவெடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது.

எல்லாருக்கும் தொப்பி உண்டு.
என்னுடையது ஒரு சைஸ் சின்னது.
குனிந்தால் விழும், அதனால் குனிவதில்லை.
டாஸுக்குக் கொஞ்சம் திமிர் என்று பேச்சு.

வாசிப்பது பேஸ் கிடார். நாலு கம்பி.
ஒரு பாட்டுக்கு மூன்று சுரம் போதும்,
நாலாவது வந்தால் அன்றைக்கு விசேஷம்.
டும் என்று ஒன்று, தள்ளி டும் என்று ஒன்று,
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போவதுபோல
இடது, வலது, இடது, வலது.
அவசரப்பட்டால் எல்லாம் சாய்ந்துவிடும்.

பாட்டெல்லாம் குதிரைகள்.
புழுதி வரும், தூரத்து மலை வரும்,
விட்டுப்போன ஒருத்தி கட்டாயம் வருவாள்.
எனக்குத் தெரிந்த ஒரே குதிரை
எங்கள் புளியந்தோப்பில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு
வாடகைக்கு வருவது.
அதற்குப் பட்டாசு என்றால் பயம்.
மூன்றாவது பாட்டில் ரயில் வரும்.
அது மட்டும் புரியும்.
ரெஜி கிடாரில் ஊதலை இழுக்கிற நேரம் பார்த்து
லோகோ ஒர்க்ஸ் பக்கம் நிஜ ரயில் ஒன்று ஊதும்,
வேறு சுருதியில்.
யாரும் அதற்குத் தொப்பி வாங்கித் தரவில்லை.

போன சனிக்கிழமை
கிளைவ் எங்களை அறிமுகம் செய்தார்.
லீட் கிடார், ரெஜி. கைதட்டல்.
டிரம்ஸ், நார்பர்ட். விசில்.
அதற்குள் வாசலில்
பெர்த்திலிருந்து நோரீன் வந்துவிட்டாள்.
"நோரீன்!" என்று கத்திவிட்டு
அடுத்த பாட்டை எடுத்துவிட்டார்.

குறையாகச் சொல்லவில்லை.
ஆனால் இரண்டாவது சரணத்தில்
கம்பியிலிருந்து விரலை எடுத்தேன்.
வேண்டுமென்றேதான்.
பார்ப்போமே என்று.

ஒன்று. இரண்டு. மூன்று.
தரையில் முப்பது ஜோடி.
ஒரு ஹீல்ஸும் தடுமாறவில்லை.
கட்லெட் தட்டு ஒன்றும் நின்றுபோகவில்லை.
ரெஜி மூடிய கண்ணைத் திறக்கவில்லை.
கிளைவ் குதிரையில் ஏறி
நெடுந்தூரம் போய்விட்டிருந்தார்.
நோரீன் சிரிப்பது கேட்டது.

ஆறேழு பார் ஓடியிருக்கும்.
எனக்குப் பின்னால்
கிக் டிரம் அழுத்தமாக விழத் தொடங்கியது.
நார்பர்ட்டுக்கு வலது முட்டியில் தேய்மானம்,
மாடிப்படியே ஏறாதே என்றிருக்கிறார் டாக்டர்.
அந்தக் காலால்
என் இடத்தையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தான்.
நான் திரும்பவில்லை.
அவனும் கூப்பிடவில்லை.
காது சுட்டது எனக்கு.
விரலைத் திரும்ப வைத்தேன்.

பணம் பிரிக்கும்போது ராத்திரி ஒன்றரை.
ஆயிரத்து இருநூறு, ஒரு பிரியாணி பொட்டலம்.
நார்பர்ட்டும் நானும் ஒரே ஆட்டோ,
ஆம்ப்ளிஃபையர் இருவர் மடியிலும் பாதிப் பாதி.
ஜமாலியா தாண்டியதும்
முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டான்:
"நடுவுல எங்கடா போய்ட்ட?"

"இங்கதான் இருந்தேன்."

"சரி. அடுத்த தபா சொல்ட்டுப் போ."

ஓட்டேரி பாலத்துக்கு முன்னால்
ஆம்ப்ளிஃபையர் மேலேயே வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தோம்.
ஒரு முட்டைதான் இருந்தது.
ஆட்டோ குலுங்கியதில்
அது அவன் பக்கம் உருண்டதாக
நான் சொல்லிக்கொள்ளலாம்.